வால் ஏன் போனது, பால் ஏன் ஒத்துக்கொள்கிறது: மரபணுத்தொகுதியில் தேர்வும் குருட்டாம்போக்கும்

மரபணு என்று பேச்சை எடுத்தாலே "இது எதுக்காக வந்திருக்கும்?" என்ற கேள்வி முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. நமக்கு வால் ஏன் போனது, நிறக்குருடு ஏன் இருக்கிறது, சிலருக்குப் பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை. பதிலும் தயாராகவே இருக்கும்: ஆதிமனிதன் காட்டில் அலைந்த காலத்தில் அது எப்படியோ உதவியிருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தப் பயனும் இல்லாமல், வெறும் எண்ணிக்கை விளையாட்டாலேயே இது இங்கே வந்து சேர்ந்திருக்க முடியுமா? முடியும் என்றால் இயற்கைத் தேர்வை (பயனுள்ளது கூடுதல் பிள்ளைகள் வழியே பரவுவதும் கேடானது குறைவதும்; சுருக்கமாகத் தேர்வு) சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை. இதைச் சொல்லக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

சரக்கு எங்கிருந்து வருகிறது

மனித டிஎன்ஏ ஒரு செட்டுக்குச் சுமார் 300 கோடி எழுத்து. அம்மா தந்த செட் ஒன்று, அப்பா தந்தது ஒன்று, ஆக 600 கோடி. எல்லாம் ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்து. நகலெடுக்கும்போதோ வேறு விதத்திலோ ஓர் எழுத்து மாறிவிடுவதுதான் பிறழ்வு. ஒரு தலைமுறையில் 10 கோடி எழுத்துக்கு ஏறக்குறைய 1.2 பிறழ்வு நடக்கிறது. பெருக்கினால் 72. பெற்றோர், பிள்ளை மூவரின் டிஎன்ஏவையும் முழுதாகப் படித்து ஒப்பிடும் ஆய்வுகளில் பிள்ளைக்கு 60 முதல் 70 புதிய பிறழ்வுகள் கிடைக்கின்றன. திரும்பத் திரும்ப ஒரே வரி வரும் பகுதிகளைச் சரியாகப் படிக்க முடியாமல் விட்டுவிடுவார்கள். எண்ணிக்கை சற்றுக் குறைவதற்கு அதுவும் காரணம். புரதம் செய்யும் குறிப்பு உள்ள இடம் மொத்தத்தில் 1.5 சதவீதம்தான். அதனால் அந்த எழுபதில் ஒன்றோ இரண்டோ அங்கே விழும். மற்றவை எங்கெங்கோ விழுந்து கிடக்கும்.

இவற்றில் ஐந்தில் நான்கு பங்கு அப்பா வழியில் வருகிறது. பெண் பிறக்கும்போதே கருமுட்டைக்கான செல் பிரிவுகள் கிட்டத்தட்ட முடிந்துவிடும். விந்தணுவின் தாய்ச்செல்லோ வயது வந்தபின் ஆண்டுக்கு 23 முறை போலப் பிரிந்துகொண்டே இருக்கும். நகலெடுக்க எடுக்கப் பிழை சேரும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஐஸ்லாந்துக் குடும்பங்களை வைத்து 2017-இல் வந்த கணக்குப்படி, அப்பாவின் வயது ஓராண்டு கூடினால் பிள்ளைக்கு ஒன்றரைப் பிறழ்வு கூடுகிறது. அம்மாவின் வயது ஓராண்டு கூடினால் கூடுவது 0.37.

எல்லா எழுத்தும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. சி-யை அடுத்து ஜி வரும் இடங்களில் அந்த சி-யின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குமிழ் ஒட்டப்பட்டிருக்கும். அப்படி ஒட்டப்பட்ட சி தண்ணீரோடு வினைபுரிந்து தன் அமைன் பகுதியை இழந்தால் நேராக டி ஆகிவிடும். டி என்பது டிஎன்ஏவின் சொந்த எழுத்து. பழுதுபார்க்கும் நொதிகளுக்கு அது அந்நியமாகத் தெரியாது, பல நேரம் தப்பிவிடும். அதனால் இந்த இடங்கள் மற்ற இடங்களைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமாகப் பிறழ்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போனதில், நம் டிஎன்ஏவில் சி-ஜி ஜோடி இருக்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது. மெத்தில் ஒட்டாத இடங்களில், குறிப்பாகப் பல மரபணுக்களின் தொடக்கத்தில் மட்டும், அது திட்டுத்திட்டாகப் பிழைத்திருக்கிறது. அந்தத் திட்டுகளைப் பார்த்தால் யாரோ பார்த்துப் பார்த்து வைத்தது போலத் தோன்றும். பாதி வேலை வேதியியல் செய்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம், இது கொஞ்சம் விபரீதம். குள்ளத்தன்மை தரும் அகோண்ட்ரோபிளேசியா என்ற நிலைக்கு எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதுதான் ஏறக்குறைய எல்லாருக்கும் காரணம். ஐந்தில் நான்கு பேருக்கு அது புதிதாக வந்தது, பெற்றோரிடம் இருக்காது. ஒரே எழுத்துக்கு இது மிக அதிகம். சாதாரணப் பிறழ்வு விகிதத்தை வைத்து இதை விளக்கவே முடியாது. காரணம் விதைப்பைக்குள் இருக்கிறது. அந்த எழுத்து மாறிய தாய்ச்செல், மாறாத தாய்ச்செல்களைவிடக் கூடுதலாகப் பெருகுகிறது. வயது ஏற ஏற அதன் வாரிசுகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. செல்லுக்கு லாபம், அந்தச் செல்லிலிருந்து பிறக்கும் ஆளுக்கு நட்டம். தேர்வு என்றால் நல்லது நடக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

உலகில் இன்று 800 கோடிப் பேர். ஆளுக்கு 60 பிறழ்வு என்றால் 48,000 கோடி. இருக்கும் 300 கோடி இடங்களில் இடத்துக்கு மூன்று மாற்றம்தான் சாத்தியம், ஆக 900 கோடி. அதாவது உயிரோடு ஒத்துப்போகும் ஒவ்வோர் எழுத்து மாற்றமும் இன்று வாழும் யாரோ சிலரிடம் புதிதாகவே பிறந்திருக்கிறது. சரக்குக்குப் பஞ்சமே இல்லை. எது தங்குகிறது என்பதுதான் விஷயம்.

தங்குவதும் போவதும்

ஒரு பிறழ்வு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்திருப்பவருக்குப் பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். பிறந்தாலும் பாதி வாய்ப்பில்தான் அது கைமாறும். மக்கள்தொகை கூடாமல் குறையாமல் இருந்தால், இப்படிப் புதிதாக வந்த ஒரு பிரதி முதல் தலைமுறையிலேயே அழிய 37 சதவீத வாய்ப்பு. இந்தக் குருட்டாம்போக்கு ஏற்ற இறக்கத்தைத்தான் மரபணு நகர்வு என்கிறோம். மூலக்கூறு அளவில் நடக்கும் பெரும்பாலான மாற்றங்களுக்கு இதுவே காரணம் என்று 1968-இல் ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுரா எழுதியபோது கடும் எதிர்ப்பு வந்தது. இன்று எந்தக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பயனுள்ள பிறழ்வுக்கும் கதி பெரிதாக மாறிவிடாது. ஒரு சதவீத லாபம் தரும் பிறழ்வு, அதாவது வைத்திருப்பவருக்குச் சராசரியாக ஒரு சதவீதம் கூடுதல் பிள்ளைகள் தரும் பிறழ்வு, கடைசிவரை பிழைத்துப் பரவ வாய்ப்பு ஏறக்குறைய அந்த லாபத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 2 சதவீதம். 1927-லேயே பிரிட்டிஷ் மரபியலாளர் ஹால்டேன் போட்ட கணக்கு இது. நூறு நல்ல பிறழ்வுகளில் 98, நாலு பேருக்குத் தெரியும் முன்பே காணாமல் போய்விடுகின்றன.

நகர்வின் பலம் மக்கள்தொகையைப் பொறுத்தது. தலையெண்ணிக்கை அல்ல, நகர்வின் கணக்கில் செல்லுபடியாகும் தொகையைப் 'பயனுறு' தொகை என்பார்கள். மனிதரின் பயனுறு தொகை எவ்வளவு என்று நாமே கண்டுபிடிக்கலாம். யாரோ இருவரின் டிஎன்ஏவை ஒப்பிட்டால் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று போல வேறுபடும். அந்த வேறுபாடு, நான்கு பெருக்கல் தொகை பெருக்கல் பிறழ்வு விகிதம். ஆக 0.001-ஐ 4 × 0.0000000125-ஆல் வகுக்க வேண்டும். விடை 20,000. வேறு முறைகளில் 10,000 பக்கம் வரும். இரண்டுமே 800 கோடிக்கு எட்டாத தூரம்.

இந்த எண்ணைப் பார்த்து "ஒரு காலத்தில் மனிதர் 10,000 பேர்தான் இருந்தார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. நான்கு தலைமுறைகளில் தொகை 10 லட்சம், 10 லட்சம், 1,000, 10 லட்சம் என்று இருந்ததாக வையுங்கள். சாதாரணச் சராசரி ஏழரை லட்சம். நகர்வுக்குக் கணக்கில் வருவது இசைச் சராசரி. நான்கு எண்களின் தலைகீழிகளைக் கூட்டி, நான்கை அதால் வகுத்தால் 3,988. ஒரே ஒரு மோசமான தலைமுறை மற்ற மூன்றையும் விழுங்கிவிடுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து சிறு கூட்டமாக வெளியேறியவர்களின் வழித்தோன்றல்களிடம் இன்றும் வேறுபாடு குறைவாக இருப்பதும், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தொலைவு கூடக் கூட அது படிப்படியாகக் குறைவதும் இதே கணக்குதான்.

தொகை சிறியது என்பதற்கு ஒரு விலை உண்டு. ஒரு பிறழ்வின் லாபமோ நட்டமோ இரட்டைத் தொகையில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால், தேர்வின் கண்ணுக்கு அது தெரியாது. 10,000 என்று வைத்தால் எல்லை 20,000-இல் ஒன்று, 0.005 சதவீதம். அதற்குக் கீழான சின்னச் சின்னக் கேடுகள் எல்லாம் நடுநிலைப் பிறழ்வு போலவே நடமாடும், சில நிரந்தரமாகவும் ஆகிவிடும். இதை விரித்துச் சொன்னவர் கிமுராவோடு வேலை பார்த்த டொமோகோ ஓட்டா. பயனுறு தொகை சில லட்சம் என மதிப்பிடப்படும் சுண்டெலி இனங்களில் இதே கேடுகள் துப்புரவாகக் களையப்படும். நம்முடைய டிஎன்ஏ சுண்டெலியுடையதைவிடச் செம்மையானது என்று எண்ண இடமில்லை.

களையெடுப்பு

தேர்வு என்றதும் புதியதை உருவாக்கும் சக்தி என்றே நினைக்கிறோம். அது செய்யும் வேலையில் பெரும்பங்கு களையெடுப்பு. 2005-இல் சிம்பன்சியின் டிஎன்ஏ வந்தபோது இரண்டையும் ஒப்பிட்டார்கள். புரதத்தை மாற்றும் எழுத்து மாற்றங்கள், மாற்றாத எழுத்து மாற்றங்களோடு ஒப்பிட்டால் 0.23 விகிதத்தில்தான் மிஞ்சியிருந்தன. அதாவது புரதத்தை மாற்ற முயன்ற பிறழ்வுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வந்த சுவடு இல்லாமல் போய்விட்டன. 2023-இல் 240 பாலூட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்ததில், மனித டிஎன்ஏவில் குறைந்தது 10.7 சதவீதம் இப்படிக் காவலில் இருப்பது தெரிந்தது. புரதப் பகுதி 1.5 சதவீதம் என்பதை நினைத்தால், காவலில் இருப்பதில் பெரும்பாலானவை மரபணுவை எங்கே, எப்போது, எவ்வளவு இயக்குவது என்று சொல்லும் விசைகளாக இருக்க வேண்டும்.

களையெடுப்புக்குப் பிடிபடாதவை இரண்டு வகை. ஒன்று, ஒற்றைப் பிரதியில் ஒளிந்திருப்பவை. இன்னொரு பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்வரை இது தெரியாது. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவரிடமே செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள் நூறு போல இருக்கும், 20 மரபணுக்கள் இரண்டு பிரதியிலும் செத்திருக்கும். இன்னொன்று, தாமதமாக வெளிப்படுபவை. ஹன்டிங்டன் நோயில் சிஏஜி என்ற மூன்றெழுத்து 40 முறைக்கு மேல் திரும்ப வரும். அறிகுறி பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தொடங்கும். அதற்குள் பிள்ளை பிறந்திருக்கும், பாதி வாய்ப்பில் கைமாறியும் இருக்கும். வயதான பிறகு வரும் நோய்களிடம் தேர்வு ஏன் இவ்வளவு மெத்தனமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை.

பால்: தேர்வு கையும் களவுமாகப் பிடிபட்ட இடம்

பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிப்பது லாக்டேஸ் நொதி. பாலூட்டிகளில் தாய்ப்பால் நின்றதும் அது குறைந்துவிடும். மனிதரிலும் பெரும்பாலானோருக்கு அப்படித்தான். வளர்ந்த பின்னும் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்க முடிவதுதான் விதிவிலக்கு.

விசித்திரம் என்னவென்றால், லாக்டேஸ் மரபணுவில் எதுவும் மாறவில்லை. இரண்டாம் குரோமோசோமில் அந்த மரபணு தொடங்கும் இடத்துக்கு 13,910 எழுத்து முன்னால், எம்சிஎம்6 என்ற பக்கத்து வீட்டு மரபணுவின் உள்ளே, புரதத்தில் சேராத ஒரு பகுதியில் சி இருந்த இடத்தில் டி. பின்லாந்துக் குடும்பங்களை வைத்து 2002-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த மாற்றத்தால் அந்த இடத்தில் இயக்கப் புரதம் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது, விசை அணைவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் கால்நடை வளர்ப்போரிடம் 14,010-ஆம் இடத்தில் ஜி போய் சி. அரேபியாவில் 13,915-ஆம் இடத்தில் டி போய் ஜி. ஒரே விசையை, நூறு எழுத்து இடைவெளிக்குள், தனித்தனியாக மூன்று முறை தொட்டிருக்கிறார்கள். ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று விடலாம். மூன்று முறையும் கால்நடை வளர்த்தவர்களிடமே என்றால் விட முடியாது.

இப்போது கணக்கு. 20,000-இல் ஒன்றாக இருந்த பிறழ்வு 70 சதவீதம் ஆக எத்தனை தலைமுறை? தோராயச் சூத்திரம்: (மடக்கை 20,000 + மடக்கை 0.7/0.3) வகுத்தல் லாபம். இங்கே மடக்கை என்பது இயல் மடக்கை. மேலே 9.9 + 0.85 = 10.75. லாபம் 1 சதவீதம் என்றால் 1,075 தலைமுறை. தலைமுறைக்கு 28 ஆண்டு வைத்தால் 30,000 ஆண்டு. கால்நடை வளர்ப்பே அவ்வளவு பழசு இல்லை. 5 சதவீதம் என்றால் 215 தலைமுறை, 6,000 ஆண்டு. இது பொருந்துகிறது. 5 சதவீதம் என்பது மனிதரில் அரிதான, மிகக் கடுமையான தேர்வு.

சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு பிறழ்வு வேகமாகப் பரவினால், பக்கத்தில் இருக்கும் எழுத்துகளையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் அந்த நீளம் தேய்ந்துகொண்டே போகும். 10 லட்சம் எழுத்துக்குத் தலைமுறைக்கு 1 சதவீத வாய்ப்பில் வெட்டு விழும். 200 தலைமுறை ஆனால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 லட்சம் எழுத்து சிதையாமல் இருக்கும், இரண்டு பக்கமும் சேர்த்து 10 லட்சம். வட ஐரோப்பியரிடம் லாக்டேஸைச் சுற்றி அளந்தபோது கிடைத்த சிதையாத நீளமும் ஏறக்குறைய 10 லட்சம்தான். இரண்டு வேறு வழிக் கணக்கு ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கத் தனிச் சந்தோஷம்.

ஆனால் "பால் குடித்தார்கள், அதனால் பரவியது" என்று முடித்துவிடவும் முடியாது. பழைய பானைகளில் ஒட்டியிருக்கும் பால் கொழுப்பு ஐரோப்பாவில் இந்தப் பிறழ்வு பரவுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தையது. பிறழ்வு பரவலானதோ இன்றைக்கு 3,000 ஆண்டுகளுக்கு முன்புதான். லாக்டோஸ் செரிக்காதவர் பால் குடித்தால் வயிற்றுப்போக்கு வரும், வழக்கமாக உயிர் போகாது. பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் அதே வயிற்றுப்போக்கு உயிரைக் குடிக்கும் என்பது 2022-இல் முன்வைக்கப்பட்ட விளக்கம். எனக்கு இது ஊட்டச்சத்துக் கதையைவிட நம்பும்படியாக இருக்கிறது. 5 சதவீத லாபம் நல்ல நாளில் கிடைப்பதில்லை.

அரிவாள் செல்: விலை பேசி வாங்கிய பாதுகாப்பு

பதினோராம் குரோமோசோமில் பீட்டா ஹீமோகுளோபின் மரபணு. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படும் அதன் சொற்களில் ஆறாவது ஜிஏஜி. நடு எழுத்து ஏ மாறி ஜிடிஜி ஆனால் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வரும். இரண்டு பிரதியும் அப்படி என்றால் ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் நாராகக் கோத்துக்கொண்டு சிவப்பணு அரிவாள் போல வளையும். ஒரு பிரதி மட்டும் என்றால் கடும் மலேரியாவிலிருந்து பத்தில் ஒன்பது பங்கு பாதுகாப்பு. இதைக் களத்தில் காட்டியவர் ஆந்தனி அலிசன், 1954-இல்.

இங்கே தேர்வு எந்தப் பக்கமும் ஜெயிக்காது, ஒரு சமநிலையில் போய் நிற்கும். சாதாரண இரட்டைப் பிரதிக்காரர் மலேரியாவால் இழப்பது 10 சதவீதம், அரிவாள் இரட்டைப் பிரதிக்காரர் நோயால் இழப்பது 90 சதவீதம் என்று வைத்தால், அரிவாள் பிரதியின் சமநிலை அளவு 10 ÷ (10 + 90) = 10 சதவீதம். அந்தச் சமூகத்தில் 100 குழந்தைகளில் 81 பேருக்கு மலேரியா அபாயம், 18 பேருக்குப் பாதுகாப்பு, ஒருவருக்கு அரிவாள் செல் நோய். அந்தப் 18 பேரின் பாதுகாப்புக்கு விலை இந்த ஒரு குழந்தை.

மலேரியாவை ஒழித்துவிட்டால் நோயும் சீக்கிரம் போய்விடுமா? மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம்: இரட்டைப் பிரதிக்காரர் யாருக்கும் பிள்ளையே பிறப்பதில்லை. அப்போது பிரதி அளவின் தலைகீழி தலைமுறைக்கு ஒன்று கூடும். 10 சதவீதத்தின் தலைகீழி 10. அது 5 சதவீதம் ஆக, அதாவது 20 ஆக, பத்துத் தலைமுறை. 1 சதவீதம் ஆக 90 தலைமுறை, 2,500 ஆண்டு. சிகிச்சை நன்றாக இருந்தால் இன்னும் மெதுவாகும். பெரும்பாலான பிரதிகள் ஒற்றையாக ஒளிந்திருப்பதால் களையெடுப்புக்கு அவை தென்படாது.

மலேரியா நம் டிஎன்ஏவில் கீறிய கோடுகள் ஏராளம்: தலசீமியா வகைகள், ஹீமோகுளோபின் சி, ஹீமோகுளோபின் ஈ, ஜி6பிடி குறைபாடு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் டஃபி என்ற புரதத்தைச் சிவப்பணுவில் மட்டும் அணைக்கும் ஒற்றை எழுத்து மாற்றம் ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிறது. வைவாக்ஸ் மலேரியா உள்ளே நுழையப் பயன்படுத்தும் கதவு அது. விசை இருக்கும் இடத்தில் மாற்றம், மரபணு முழுசாக இருக்கிறது. லாக்டேஸில் பார்த்த அதே பாணி.

உடைந்தது, தாவியது, இரட்டித்தது

வைட்டமின் சி செய்யும் கடைசி நொதியின் மரபணு நம்மிடம் செத்துக் கிடக்கிறது. பழமும் தழையும் தின்ற முன்னோருக்கு அது உடைந்தபோது எந்த நட்டமும் இல்லை, களையெடுப்பு கண்டுகொள்ளவில்லை, நகர்வு நிரந்தரமாக்கிவிட்டது. சுண்டெலிக்கு அது இன்றும் வேலை செய்கிறது. வாசனை ஏற்பி மரபணுக்களிலும் இதே கதை. நமக்கு 400 போல உயிரோடு இருக்கின்றன, கிட்டத்தட்ட அதே அளவு சவங்களும்.

நம் டிஎன்ஏவில் பாதிக்குச் சற்றுக் குறைவானது தாவும் துண்டுகள். அலு என்ற 300 எழுத்துத் துண்டு மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இன்னொரு 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின், அதாவது தன் மரபணுவை நம் டிஎன்ஏவுக்குள் செருகிவிடும் வைரஸ்களின், எச்சம். இவற்றில் பெரும்பாலானவை தங்களைப் பெருக்கிக்கொண்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. எப்போதாவது ஒன்று மாட்டிக்கொள்ளும். நஞ்சுக்கொடியில் செல்களை ஒட்டவைக்கும் சின்சிட்டின் புரதம் ஒரு வைரஸின் உறைப் புரதம்.

வால் போனதும் அலுவின் வேலை என்று 2024-இல் காட்டப்பட்டது. மனிதர், வாலில்லாக் குரங்குகள் எல்லாருக்கும் பொதுவான முன்னோரில், சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன், டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவின் புரதத்தில் சேராத பகுதியில் ஓர் அலு வந்து விழுந்தது. பக்கத்தில் எதிர்த்திசையில் பழைய அலு ஒன்று ஏற்கெனவே கிடந்தது. இரண்டும் ஜோடி சேர்ந்து மடிய, நடுவிலிருந்த புரதத் துண்டு விடுபட்டது. சுண்டெலியில் இப்படி விடுபட வைத்தால் வால் குட்டையாகும் அல்லது இல்லாமலே போகும். சில குட்டிகளுக்கு முதுகுத்தண்டு மூடாமல் போகும். அந்த நட்டத்தையும் மீறி வாலின்மை தங்கியது. அதில் தேர்வின் பங்கு எவ்வளவு என்று இந்தச் சுண்டெலிகள் சொல்லாது.

நிறக்குருட்டுக்கு வருவோம். சிவப்பையும் பச்சையையும் உணரும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று இரட்டித்ததால் வந்தவை என்பதால் எழுத்துக்கு எழுத்து அவ்வளவு ஒற்றுமை. துண்டு மாற்றிக்கொள்ளும் நேரத்தில் இதை அது என்று நினைத்துத் தப்பாக ஜோடி சேர்ந்தால், ஒரு குரோமோசோமுக்கு ஒன்று கூடும், இன்னொன்றுக்கு ஒன்று குறையும், அல்லது இரண்டும் ஒட்டுப்போட்டதாகிவிடும். ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் மறைக்க ஆள் இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 8 சதவீதம் பேருக்கு இருப்பதற்கு இந்த எந்திரக் கோளாறே போதுமான தொடக்கம். வேட்டைக்கு உதவியது, மறைந்திருக்கும் விலங்கைக் காட்டிக்கொடுத்தது என்றெல்லாம் கதை கட்டுவதற்கு முன் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்தது

நியாண்டர்தால்களும் டெனிசோவன்களும் நம் முன்னோரோடு கலந்து பிள்ளை பெற்ற, இன்று அழிந்துபோன மனித வகைகள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களிடம் 1 முதல் 2 சதவீதம் நியாண்டர்தால் டிஎன்ஏ. திபெத்தியரிடம் உயரத்தில் வாழ உதவும் ஈபிஏஎஸ்1 துண்டு, சுமார் 33,000 எழுத்து, டெனிசோவன்களிடமிருந்து வந்தது. மற்றவர்கள் மலையேறினால் ஹீமோகுளோபின் எகிறி ரத்தம் கெட்டியாகும். இந்தத் துண்டு அதைத் தடுக்கிறது.

ஆனால் வந்ததில் நிறைய களையப்பட்டுவிட்டது. எக்ஸ் குரோமோசோமில் நியாண்டர்தால் பங்கு மற்ற குரோமோசோம்களில் உள்ளதில் ஐந்தில் ஒன்று போலத்தான். இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று மேலே பார்த்த எல்லைக் கணக்கு. நியாண்டர்தால்களின் பயனுறு தொகை நம்முடையதைவிட மிகச் சிறியது. அதனால் அவர்களிடம் சின்னச் சின்னக் கேடுகள் தேர்வுக்குத் தெரியாமல் சேர்ந்துகிடந்தன. பெரிய தொகைக்குள் வந்ததும் அவை வெளிச்சத்துக்கு வந்துவிட்டன.

பொய் எச்சரிக்கைகள்

எச்ஏஆர்1 என்ற 118 எழுத்துத் துண்டு பிரபலமானது. சிம்பன்சிக்கும் கோழிக்கும் இதில் 2 எழுத்துதான் வேறுபாடு, மனிதருக்கும் சிம்பன்சிக்கும் 18. மனிதனை மனிதனாக்கிய துண்டு என்று 2006-இல் செய்திகள் பறந்தன. ஆனால் அந்தப் பதினெட்டும் ஏ அல்லது டி போய் ஜி அல்லது சி ஆனவை. குரோமோசோம் துண்டு மாற்றும்போது எழுத்துப் பொருந்தாமல் போனால், பழுதுபார்க்கும் எந்திரம் ஜி, சி பக்கமே சாயும். எவருக்கும் பயனில்லாமலே இது நடக்கும், பார்வைக்கு அசல் தேர்வு போலவே இருக்கும். அந்தத் துண்டு மூளை வளர்ச்சியில் இயங்குவது உண்மை. பதினெட்டையும் தேர்வின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்து விடுபட்ட வடிவம் இரண்டு பிரதியாக இருந்தால் எச்ஐவியின் பெரும்பாலான வகைகள் செல்லுக்குள் நுழையாது. வட ஐரோப்பாவில் இது 10 சதவீதம் அளவில் இருப்பதைப் பார்த்து, இடைக்காலப் பிளேக்தான் காரணம், வயது 700 ஆண்டு என்று எழுதினார்கள். 2005-இல் மேலும் நுணுக்கமான வரைபடத்தோடு அளந்தபோது வயது 5,000 ஆண்டுக்கு மேல் என்று வந்தது. அந்த வயதுக்கு இந்த அளவு பரவல், தேர்வு இல்லாமலே சாத்தியம்.

உயரத்தில் நடந்தது இன்னும் பெரிய சறுக்கல். வட ஐரோப்பியர் தென் ஐரோப்பியரைவிட உயரமாகத் தேர்வு செய்யப்பட்டார்கள் என்பதற்கு ஆயிரக்கணக்கான இடங்களைக் கூட்டிப் பல ஆய்வுகள் சாட்சி சொல்லின. 2019-இல் ஒரே நாட்டில் சேகரித்த பெரிய தரவை வைத்து மறுபடி பார்த்ததும் அந்தச் சாட்சி பெருமளவு கரைந்துவிட்டது. பல நாட்டுத் தரவைக் கலந்தபோது வம்சாவளி வேறுபாடு முழுசாகக் கழிக்கப்படவில்லை. ஓரிடத்தில் மிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆயிரம் இடங்களைக் கூட்டினால் மலையாகிவிடும்.

ஓரிடத்தில் இரண்டு எழுத்து இருந்தால் எது பழைய முன்னோர் எழுத்து, எது புதிதாகப் பரவியது என்று முடிவு செய்வதிலும் குழி உண்டு. சிம்பன்சியைப் பார்த்து முடிவு செய்கிறோம். சி-ஜி ஜோடி இடங்களில் சிம்பன்சி வழியிலும் அதே இடம் பிறழ்ந்திருக்கலாம். அப்போது பழைய எழுத்து புதியதாகவும், அதுவும் மிக வேகமாகப் பரவியதாகவும் தெரியும். அந்த இடங்களை ஒதுக்கிவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை என இரண்டு முறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

பரிசோதனை செய்து வாங்கிய தங்கள் டிஎன்ஏ கோப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இன்னும் எளிமையானது. லாக்டேஸ் விசையின் எண் ஆர்எஸ்4988235. சி அல்லது டி என்று படித்துவிட்டுக் கோப்பைத் திறந்தால் அங்கே ஜி, ஏ என்று இருக்கும். டிஎன்ஏ எதிரெதிரே ஜோடி சேர்ந்த இரண்டு இழை. லாக்டேஸ் மரபணு எதிர் இழையில் எழுதப்பட்டது, கோப்புகள் பொதுவாக முன் இழையைத்தான் தருகின்றன. டி-க்கு எதிரே ஏ, சி-க்கு எதிரே ஜி. ஆக ஏ இருந்தால் விசை அணையாத வடிவம், ஒரு பிரதி போதும். ஜிஜி என்று இருந்தால் இந்த மாற்றம் இல்லை என்றுதான் பொருள். 14,010, 13,915 இடங்களையும் பார்க்காமல் பால் ஒத்துக்கொள்ளாது என்று தீர்ப்பெழுத முடியாது. அரிவாள் செல்லுக்கான ஆர்எஸ்334-இலும் இதே சிக்கல்: புத்தகத்தில் ஏ மாறி டி, கோப்பில் டி மாறி ஏ.